மூன்றாவது கம்பத்துக் கயிறு

பாக்கை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கயிற்றை இழுக்கிறார் பெங் சின்-ஃபா. கொடி ஏறும்போது அவர் மேலே பார்ப்பதில்லை. உச்சியைத் தொட்டதைக் கயிறே கைக்குச் சொல்லிவிடும். கார்த் தொழிற்சாலையின் வாசலில் மூன்று கம்பங்கள்: நாட்டுக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, வெளிநாட்டுக் கூட்டாளிக்கு ஒன்று. சிஞ்சு நகரத்துக் காற்று அரிசிச் சேமியாவை ஒரே பகலில் காயவைக்கும். கொடியை ஒரே பருவத்தில் கிழித்துவிடும்.

அவர் காவலராகச் சேர்ந்தபோது இரண்டு கம்பங்கள்தான். உள்ளே மூன்று சக்கர வண்டிக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பான்காரர்கள் எஞ்சின் வரைபடத்தோடு வந்தார்கள். மூன்றாவது கம்பம் நட்டார்கள், பெயின்ட் கூடம் எழுந்தது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள், கூடவே கார் பூட்டும் இரண்டாம் லைன். "கொடி வந்தா கொட்டகை வரும்" என்பார். கொட்டகை என்று அவர் சொல்வது நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்யும் கூடத்தை.

இறங்கும் கொடியைப் பற்றி மட்டும் பேசமாட்டார். பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது, "துவைக்கப் போட்டிருக்குன்னு சொல்லுங்க" என்றது அலுவலகம். கேட்டவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னார். அந்த வாரமே இரண்டாம் லைனில் விளக்கை அணைத்தார்கள். வேலை போனவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமலே வாசலைத் தாண்டினார்கள். உண்மையிலேயே துவைக்கப் போன கொடி என்றால் கயிறு கம்பத்திலேயே காத்திருக்கும். அந்த முறை அவர் கயிற்றை உருவி வீட்டுக்கு எடுத்துப்போனார். மகள் பெய்-ரோங்கின் பள்ளிச் சீருடை அதில்தான் காய்ந்தது.

பின்னால் ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். புதுக் கயிறு வந்தது. இரண்டாம் லைன் மறுபடி ஓடியது. இப்போது பெய்-ரோங் அங்கேதான் கதவு பொருத்துகிறாள்.

இன்று காலை அதிகாரி காவ் இரண்டு கொடிகளைத்தான் கொண்டுவந்தார்.

"இன்னொண்ணு எங்க சார்?"

"துவைக்கப் போட்டிருக்கு. யார் கேட்டாலும் இதையே சொல்லுங்க, ஃபா அண்ணே. வேற பேச்சு கிளம்புச்சுன்னா, நாளைக்கு இந்த வாசல்ல வேற ஆளு நிப்பான்."

காலிக் கம்பத்தில் கயிறு டங் டங்கென்று மோதிக்கொண்டே இருந்தது. உள்ளே லைன் வரைக்கும் கேட்குமோ என்று பயந்து, சின்-ஃபா வெறுங்கையால் அதைக் கம்பத்தோடு அழுத்திப் பிடித்துப் பார்த்தார். எவ்வளவு நேரம் பிடிப்பது? விட்டார். மறுபடி டங்.

மதியச் சாப்பாட்டுக்கு ஸ்கூட்டரில் கிளம்பிய பெய்-ரோங் வாசலில் நிறுத்தினாள்.

"அப்பா, வேலைக்குக் கூப்பிட்டானே அந்த சைக்கிள் கம்பெனிக்காரன், இன்னிக்குள்ள பதில் கேக்கறான். வரலைன்னு சொல்லிடப்போறேன். ஜெர்மன்காரன் இருக்கறப்ப நமக்கென்ன கவலை?" என்றவள் அண்ணாந்தாள். "ஆமா, கொடி எங்கப்பா?"

"துவைக்கப் போட்டிருக்கு."

"அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு? பாக்கு போடறீங்கன்னு அம்மா இன்னிக்கும் வெளுத்து வாங்கிட்டாளா?"

மாடி ஜன்னலில் காவ் டீக் கோப்பையோடு நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். சின்-ஃபா பாக்கைத் துப்பிவிட்டு மூன்றாவது கம்பத்துக்குப் போனார். முடிச்சை அவிழ்த்து இழுத்தார். கயிற்றின் முனை உச்சியிலிருந்த உருளையைத் தாண்டி அவர் காலடியில் வந்து விழுந்தது. முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையே அதைச் சுற்றிச் சுருட்டிக்கொண்டு வந்து, மகளின் ஸ்கூட்டர் கைப்பிடியில் மாட்டினார்.

"வீட்டுக்குக் கொண்டு போ," என்றார். "துணி காயப்போட ஆகும்."