கம்பெனி பஸ்ஸுக்கு ஒரு அறிவிப்பு

குங்குமத்துல தேங்கா எண்ணெய குழைச்சு மேக்கப்புன்னு கன்னத்துல தடவுனா எப்படி எரியும் தெரியுமா? அதுவும் பங்குனி வேர்வையோட...

செவிலிமேடு பக்கம் எங்க ஆரம்பப் பள்ளி. ஆண்டு விழா. நான் மூணாங்கிளாஸ், மயில் டான்ஸ். முதுகுல அட்டைத் தோகை. உட்காரவும் முடியாது, சாயவும் முடியாது.

முதல்லயே சொல்லிடறேன். பழசெல்லாம் ஒசத்தின்னு பேசற ஆள் நான் இல்ல. அந்த ஸ்கூல்ல பாத்ரூமுக்குக் கதவு கிடையாது. அதை மிஸ் பண்றேன்னு சொன்னா பொய். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு சாயங்காலத்தப் பத்தி, ஒரே ஒரு ஆளப் பத்தி.

எங்க ஹெட்மிஸ்ட்ரஸ். நாங்க கூப்பிடறது பெரிய டீச்சர்னு. ஆள் என்னவோ குள்ளம்தான்.

எங்கம்மாவுக்கு அப்போ ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில வேலை. அந்த வாரம் நைட் ஷிப்ட். கம்பெனி பஸ் ஸ்கூல் காம்பவுண்டு ஒட்டின ரோட்டுலதான் வந்து நிக்கும். அதனால அம்மா கம்பெனி நீலக் கோட்ட மாட்டிக்கினு, டிபன் பையோட, கடைசி பெஞ்சு ஓரத்துல உட்கார்ந்திருந்தாங்க. ஓடறதுக்கு வசதியா.

காலையிலேயே சொல்லிட்டாங்க. "உன் டான்ஸ் பஸ்ஸுக்கு முன்னாடி வந்தா பாக்கறேன். இல்லன்னா அழக்கூடாது, சரியாபா?"

சரின்னு தலையாட்டினேன். சும்மாதான்.

விழா ஆரம்பிக்கவே இல்ல. சிறப்பு விருந்தினர் வரணுமாம். "வாலாஜாபாத் தாண்டிட்டார்"னாங்க. ரொம்ப நேரம் கழிச்சுக் கேட்டா, அப்பவும் அதே வாலாஜாபாத். இனிமே அவர் வந்து, வரவேற்புரை, ஆண்டறிக்கை, பொன்னாடை எல்லாம் முடிஞ்சு... அதுக்கப்புறம்தான் மயிலாம்.

மேடை ஓரத்துலேருந்து நான் அம்மாவையே பாத்துக்கினு இருந்தேன். அம்மா ரோட்டையே பாத்துக்கினு இருந்தாங்க.

பெரிய டீச்சர் எங்க ரெண்டு பேரையும் பாத்திருக்கணும். மைக்க எடுத்தாங்க. ஃபூ... ஃபூ...

"வேலைக்கு இப்பவே கிளம்ப வேண்டியவங்க யாரு? கையத் தூக்குங்க."

அம்மா தூக்கினாங்க. இன்னும் ரெண்டு நீலக் கோட்டு. லோடு வண்டி ஓட்டற ஒரு அப்பா.

"உங்க பிள்ளைங்க எதுல இருக்குது?"

"மயிலு, டீச்சர்!"

"அப்போ மயிலுதான் முதல்ல."

பெற்றோர் சங்கத் தலைவர் பதறிட்டார். பெரிய விவசாயி, கட்சிக்காரர், விருந்தினரை ஏற்பாடு பண்ணதே அவர்தான். "இன்னா டீச்சர் இது? அவரு கோச்சிக்குவாரு."

மைக் ஆன்ல இருக்குதுன்னு டீச்சருக்குத் தெரியுமோ தெரியாதோ... "கோச்சிக்கினா நான் பேசிக்கிறேன் சார். இவங்க பஸ்ஸு போச்சுன்னா நீங்க வண்டியில கொண்டுபோய் விடுவீங்களா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுது. தலைவரும் வேற வழியில்லாம சிரிச்சார்.

மேடை ஏறினோம். பாதிப் பாட்டுல ரோட்டுல ஹார்ன்.

கம்பெனி பஸ்.

அம்மா எழுந்துட்டாங்க. பையையும் எடுத்துட்டாங்க. நான் நடு மேடையில அப்படியே நின்னுட்டேன். பின்னாடி வந்த மயில் என் தோகையில மோதி, "ஆடுடா எரும!"ன்னுது.

அப்போ பெரிய டீச்சர் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாங்க. ரோட்டைப் பாத்துக் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர்ல, செவிலிமேடே கேக்கற மாதிரி வந்தது அந்த அறிவிப்பு.

"வெளிய நிக்கற கம்பெனி பஸ் டிரைவர் தம்பி... உங்க பஸ்ல ஏற வேண்டிய மூணு அம்மாங்க இங்க இருக்காங்க. அவங்க பிள்ளைங்க ஆடிக்கினு இருக்குது. ஒரே ஒரு பாட்டு. இஞ்சின நிறுத்திட்டு நீயும் வந்து பாருப்பா. லேட்டானா உங்க கம்பெனிகிட்ட நான் பேசிக்கிறேன்."

இஞ்சின் மட்டும் உறுமிக்கினு இருந்தது. அப்புறம் அதுவும் நின்னுது.

டிரைவர் இறங்கி வந்து காம்பவுண்டு சுவர்ல கைய ஊனிக்கினு நின்னார். பஸ் ஜன்னல் பூரா தலைங்க. எந்தெந்த ஊர் அம்மாங்களோ... பாட்டை முதல்லேருந்து போட்டாங்க.

எப்படி ஆடினேன்னு தெரியாது. அம்மா நின்னுக்கினே பாத்தாங்க, அது தெரியும். முடிஞ்சதும் டிரைவர் ஓடிப்போய் பாம் பாம் பாம்னு தாளத்தோட ஹார்ன் அடிச்சார். அம்மா ஏறி, ஜன்னல்ல தலைய நீட்டி, தன் கன்னத்தத் தொட்டுக் காட்டினாங்க. போய்க் கழுவுடான்னு அர்த்தம்.

விருந்தினர் அப்புறமா வந்தார். அவருக்காக எங்கள இன்னொரு தடவை ஆட வெச்சாங்க. அது தனிக் கொடும.

போன வாரம் அக்கா பொண்ணு ஸ்கூல்ல ஆண்டு விழா. க்யூஆர் கோடு பாஸ், எல்ஈடி ஸ்க்ரீன், லைவ் லிங்க். குறை சொல்ல மாட்டேன், சொன்ன டைமுக்கு ஆரம்பிச்சாங்க. அக்கா ஆபீஸ்லேருந்து லிங்க்ல பாத்துது. பொண்ணு யாரப் பாக்கறதுன்னு தெரியாம, கேமராவப் பாத்துக்கினே ஆடிச்சு.

இப்போ எனக்கு வேலையே கம்பெனி பஸ்ஸுங்கள டிராக் பண்ற சாஃப்ட்வேர்லதான். நேத்து சாயங்காலம் ஒரு பஸ் ஸ்க்ரீன்ல சிவப்பாச்சு. நிக்கக் கூடாத இடத்துல நிக்குது. டிரைவருக்கு ஃபோன் போட்டேன். பின்னாடி ஸ்பீக்கர் அலறல்.

"இன்னாண்ணே, பிரேக்டவுனா?"

"இல்ல சார்... ஸ்கூல்ல ஃபங்ஷன். நம்ம பஸ்ல வர்ற ஒரு அம்மாவோட பையன் ஆடறான். இதோ எடுத்துடறேன் சார்."

"பாட்டு முடியட்டும்ணே."

காரணம் போட்டாத்தான் அந்த அலர்ட் மூடும். பிரேக்டவுன், டிராஃபிக், டீசல், மருத்துவம்... இவ்ளோதான் இருக்குது. அந்த லிஸ்ட்ட எழுதினவனே நான்தான்.

இன்னைக்குக் காலையில 'ஒரு பாட்டு'ன்னு புதுசா ஒண்ணு சேத்துட்டேன். மேனேஜர் கேப்பார்.

கேக்கட்டும். நான் பேசிக்கிறேன்.