புதிய பயிற்சியாளரும் என் மனைவியும்

ஜெர்மனியின் பெரிய கால்பந்து அணி ஒன்றுக்கு நான் ரசிகனாகி இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. அத்தனை வருடத்திலும் என் மனைவி ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. பர்மாவில், போட்டாதாங்கில் உள்ள எங்கள் வீட்டில், சனிக்கிழமை இரவு தொலைக்காட்சி எனக்கு, சமையலறை ரேடியோ அவளுக்கு என்று ஓர் ஏற்பாடு இருந்தது. போன ஆகஸ்டில் அணிக்குப் புதிய பயிற்சியாளர் வந்தார். ஏற்பாடு கெட்டது.

முதல் ஆட்டத்திலேயே தோல்வி. வெங்காயம் உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தவள், கோட்டு போட்டவர் யார் என்று கேட்டாள்; புதிய பயிற்சியாளர் என்றேன். கோல் விட்ட கோல்கீப்பரின் தோளில் கை போட்டு அவர் அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். அவள் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். அடுத்த வாரம் எனக்கு முன்பே வந்துவிட்டாள்.

"ஸயா வந்துட்டாரா?"

ஆசிரியரையும் மருத்துவரையும் மரியாதையாக அழைக்கும் பர்மியச் சொல் அது. நானும் ஒரு கப்பல் ஏஜென்சியில் ஆட்களை நிர்வகிப்பவன்தான். என்னை அவள் அப்படிச் சொன்னதில்லை.

நவம்பரில் அவர் பழைய கேப்டனை வெளியே உட்கார வைத்தார். எனக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரன். அநியாயம் என்றேன்.

"அவரால ஓட முடியலியே. ஸயா தனியாக் கூப்புட்டுச் சொல்லித்தான் உக்கார வச்சிருக்காரு, மொகத்தப் பாத்தாலே தெரியுது. நீங்களா இருந்தா ஒரு வாரம் பேசாம இருந்து புரிய வைப்பீங்க."

அந்த வாரம் முழுவதும் நான் அவளோடு பேசவில்லை.

அணி ஜெயிக்கத் தொடங்கியது. ஏப்ரலில் வெயிலும் மின்வெட்டும் சேர்ந்து வந்தன. எங்கள் வீட்டுப் பேட்டரியோ மின்விசிறி, தொலைக்காட்சி இரண்டில் ஒன்றைத்தான் தாங்கும். புழுக்கத்தில் அவளுக்குத் தலை வலிக்கும் என்பதால், எத்தனையோ நல்ல ஆட்டங்களை விசிறிக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன். அன்று கரண்ட் போனதும் அவளே எழுந்து விசிறியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொலைக்காட்சியைச் சொருகினாள். கழுத்தில் வியர்வை ஓட, காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து என் அணி தோற்க வேண்டும் என்று விரும்பினேன். நாலைந்து முறை தொடர்ந்து தோற்றால் பயிற்சியாளரை அனுப்பிவிடுவார்கள். அவர்களோ ஜெயித்துக்கொண்டே போனார்கள்.

கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் பட்டம். எதிரணி கோல் போட்டதும் நான் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்க டீம்தானே அது?"

"ஆமா."

"அப்புறம் எதுக்குச் சிரிப்பு? ஸயா மேல பொறாமையா?"

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை.

ஆட்டம் சமனில் முடிந்தது, பட்டம் போயிற்று. மழையில் நின்றபடி அவர் ரசிகர்களைப் பார்த்துக் கை தட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இத்தன வருஷமா இவங்களையே புடிச்சுக்கிட்டு இருக்கீங்களே, ஏன்?"

கல்யாணமாகி இதுவரை அவள் கேட்டிராத கேள்வி. முதன்முதலில் பார்த்த ஆட்டத்திலிருந்து வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். அவள் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த முதல் ஆட்டத்தின் இடைவேளையை எட்டுவதற்குள், திரையில் அவர் மைக்கின் முன் வந்து நின்றார். அவள் உள்ளங்கையை உயர்த்தினாள்.

"கொஞ்சம் இருங்க. ஸயா பேசுறாரு."

அவர் ஜெர்மன் மொழியில் பேசினார். எங்கள் இருவருக்கும் அதில் ஒரு சொல்கூடத் தெரியாது. அவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.