ஏரிப் பறவைகளின் இணையதளம்

பனமரத்துப்பட்டி ஏரிப் பறவைகளுக்காக என் மனைவி தனியாக ஓர் இணையதளம் நடத்துகிறாள். தொடக்கத்தில் அதில் பாட்டு ஒலித்தது, வண்ண எழுத்துகள் ஓடின. பிறகு அதை மாற்றி, பெரிய பெரிய படங்களாக நிரப்பினாள். ஏரியில் மீன் பிடிப்பவர் ஒருவரிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அவருடைய கைப்பேசியில் அது திறக்கவே இல்லை.

"சுத்திக்கிட்டே இருக்குதுங்க" என்றார்.

வீடு திரும்பி நான் இதைச் சொன்னதும் என் மனைவி எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கினாள்.

"ரெண்டு வருச உழைப்பாச்சே?" என்றேன்.

"அவரு போன்ல தொறக்காத படம் எதுக்குங்க?"

இப்போது வெள்ளைப் பக்கத்தில் சின்னப் படமும் பெயரும் மட்டுமே இருக்கின்றன. நேற்று நாங்கள் இருவரும் ஏரிக்குப் போனபோது அதே மீன்காரர் அதைத் திறந்து பார்த்து, ஒரு நாரைக்கு ஊரில் வழங்கும் பெயரைச் சொன்னார். அவள் கரையில் நின்றபடியே அதையும் சேர்த்தாள். நான் வியந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.