அங்குலத்துக்கு எட்டுத் தையல்

காலையில் காப்பியைக் கையில் வாங்கும் முன்பே பேத்தியின் பள்ளிப் பையை மடியில் போட்டு, வாரின் மேல் ஸ்கேலை வைத்துத் தையல்களை எண்ணிக்கொண்டிருக்கிறார் அவர்.

"ஆறுதான் இருக்கு. இதை எவன் பாஸ் பண்ணான்?"

"நான்தான் பாஸ் பண்ணேன். குடுங்க, பிள்ளைக்கு நேரமாச்சு" என்று மனைவி பிடுங்கிக்கொள்கிறார்.

ராணுவத்துக்கு வரும் பூட்ஸ்களைச் சோதித்து முத்திரை குத்துவது அவருடைய உத்தியோகம். கிடங்கில் அவருக்கு 'அங்குலம்' என்று பெயர். அங்குலத்துக்கு எட்டுத் தையல் இருக்க வேண்டும் என்பது சோதனைத் தாளில் உள்ள விதி. ஏழரை இருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அவர் மேசைக்கு எதிரே, பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள், அரக்கு முத்திரையோடு ஒரு ஜோடி பூட்ஸ் வீற்றிருக்கிறது. அதுதான் மாதிரி. வருகிற ஜோடி எல்லாம் அதே அச்சில் வார்த்ததுபோல் இருக்க வேண்டும். அந்த மாதிரியை முடிவு செய்ய ஒரு குழு ஏழு வருடம் கூடிக் கூடிப் பேசியது. அதில் இரண்டு வருடம் எது கறுப்பு என்ற கேள்விக்கே போய்விட்டது. பூட்ஸ் கேட்டு எழுதிய சிப்பாய்களில் பாதிப் பேர் அதற்குள் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனார்கள். கறுப்புக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

அவர் சோதிக்கிற அழகைப் பார்க்க வேண்டும். வளைப்பார், முகர்வார், அடிப்பாகத்தைத் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார். ஒருமுறை லேஸ் ஓட்டை அரை மில்லிமீட்டர் பெரிதாக இருக்கிறதென்று ஒரு லாரிச் சரக்கையே திருப்பி அனுப்பினார். மலை முகாமில் இருந்தவர்கள் அந்தக் குளிர்காலம் முழுவதும் பழைய பூட்ஸில் சாக்கைச் சுற்றிக்கொண்டு திரிந்தார்கள். பனி உருகியபின் அதே லாரி, அதே ஓட்டைகளோடு, மேலிடத்தின் 'விதிவிலக்கு' கடிதத்தையும் ஏற்றிக்கொண்டு வந்து நின்றது. "கடிதம் வந்தா ஓட்டை சின்னதாயிடும்" என்று சிரிக்காமல் சொல்லி முத்திரை குத்தினார். மற்றபடி யாராலும் வளைக்க முடியாத மனிதர்.

அவருடைய மாப்பிள்ளை பனிமலை முகாமில் சிப்பாய். போன வாரம் விடுப்பில் வந்தவர், கடையில் வாங்கிய பூட்ஸை வாசலில் கழற்றி வைத்தார். மாமனாரின் கை சும்மா இருக்குமா?

"என்ன மாப்பிள்ளை இது? அஞ்சு தையல்! ஓட்டையெல்லாம் கோணல்! நான் பாஸ் பண்ண ஜோடி எங்க?"

"பத்திரமா இருக்கு மாமா. அணிவகுப்புக்குப் போட்டுக்குவேன். பளபளன்னு இருக்கும்."

"மலையில?"

"மலையில விவரம் தெரிஞ்சவங்க எல்லாரும் கடை பூட்ஸ்தான். உங்களோடது தண்ணி குடிக்குது."

அங்குலத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க. தோலைத் தோல் ஆய்வகம் நனைச்சுப் பாக்குது. நூலை நூல் ஆய்வகம் நனைச்சுப் பாக்குது. பசையைப் பசை ஆய்வகம் நனைச்சுப் பாக்குது. மூணு சான்றிதழும் என் ஃபைல்ல இருக்கு!"

"சரி மாமா. மூணும் சேந்த பூட்ஸை யாரு நனைச்சுப் பாக்குறாங்க?"

அவர் சோதனைத் தாளை மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். "அது... தாள்ல இல்லையே" என்றார்.

மாப்பிள்ளை இடது கால் சாக்ஸைக் கழற்றினார். கடைசி இரண்டு விரல்கள் இருக்கவேண்டிய இடம் வழுவழுவென்று மொட்டையாக இருந்தது.

"போன குளிர்ல நீங்க பாஸ் பண்ண பூட்ஸ்ல ஈரத்தோடயே காவல் நின்னோம். விரல் விறைச்சுப் போச்சு, வெட்டிட்டாங்க. எட்டு விரல் இருந்தா மலைக்குத் தகுதிதான்னு மருத்துவத் தாள்ல இருக்காம், திரும்பப் போறேன். என்னைப் பத்திப் பரவாயில்ல மாமா. இந்த வருஷம் புதுசா இருநூறு பசங்க வராங்க. கடை பூட்ஸ் வாங்கணும்னே அவங்களுக்குத் தெரியாது. நீங்க குத்துன முத்திரையை நம்பிப் போட்டுக்குவாங்க."

மகள் சமையலறை வாசலில் நின்றாள். "உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன்ப்பா. தாங்கமாட்டீங்கன்னு" என்றாள். ஊரையெல்லாம் ஸ்கேல் வைத்து அளந்தவருக்கு அந்தக் காலை நேராகப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் அந்த இருநூறு பேருக்கான சரக்கு வந்தது. மதியமே லாரி மலைக்குக் கிளம்ப வேண்டும் என்று மேலிடத்தில் ஒரே பறப்பு. அவர் ஒரு ஜோடியை எடுத்தார், எண்ணினார். எட்டு. கறுப்பும் சரியான கறுப்பு. பக்கத்து மேசை எழுத்தர் மைப் பெட்டியைத் திறந்து வைத்தார். "குத்துங்க சார், டிரைவர் கத்துறான்."

அங்குலம் அந்த பூட்ஸைக் காலில் மாட்டி, லேஸை இறுக்கிக் கட்டினார். தரை துடைக்கும் பெரிய வாளியை மூலையிலிருந்து இழுத்து வந்து, குழாயடியில் வைத்து நிரப்பினார்.

"சார், என்ன பண்றீங்க? எவ்வளவு நேரம் ஆகும்?"

"சாக்ஸ் ஈரமாகுற வரைக்கும்."

வெளியே லாரி இரண்டு தடவை ஹார்ன் அடித்தது. அவர் முத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி, வாளிக்குள் இறங்கி நின்றார்.