முகூர்த்த நாள் வாடகை

எங்கள் மாடி வீட்டுக்குக் குடிவந்தவர், கல்யாண மண்டபங்களுக்குப் பூ அலங்காரம் செய்கிறவர். அவர், மனைவி, ஒரு கைக்குழந்தை. எனக்கு ஆரணியில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் பில் போடும் வேலை. மாடி கட்ட வாங்கிய கடனுக்குத் தவணை ஐந்தாம் தேதி போகும். அதனால் மூன்றாம் தேதிக்குள் வாடகை வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் சாவி கொடுத்தேன்.

முதல் ஐந்து மாதம் ஒழுங்காக வந்தது. ஆடியில் நின்றது. ஆவணியில் பாதிதான் வந்தது. புரட்டாசியில் ஆளே கண்ணில் படவில்லை. விடிவதற்கு முன்பே பைக்கைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், அங்கேதான் ஸ்டார்ட் செய்வார். நான் மாடியேறினால் வாசலில் அவர் செருப்பு இருக்காது. ஆனால் உள்ளே ஆண்குரலில் யாரோ தும்முவது கேட்கும்.

தெள்ளாரில் இருக்கும் என் தம்பியிடம் போனில் புலம்பினேன்.

"நீ ஒண்ணும் பேசாதக்கா. தண்ணிய நிறுத்து. ஜல்தியா துட்டு வருதா இல்லையான்னு பாரு" என்றான்.

அட்வான்ஸில் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. அதை மொட்டைமாடிக்கு ஓடு பதிக்கச் செலவழித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டைமாடிக்குப் போனேன். தொட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் இறங்குகின்றன. எது அவர்களுடையது என்று பிளம்பர் சொன்னது மறந்துவிட்டது. வலப்பக்கத்து வால்வை இறுக்கி மூடிவிட்டு, எதையோ திருடியவளைப் போலச் சத்தமில்லாமல் கீழே வந்தேன். மனசை வேறு பக்கம் திருப்பலாம் என்று தலைக்கு டை பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். அரைமணி கழித்துக் குளியலறைக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

டை நெற்றியில் வழிய, "ஐயோ, தண்ணி வரலையே!" என்று நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து அந்தப் பெண் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

"எங்களுக்கு நல்லா வருதுக்கா. நீங்க குனிங்க, நான் ஊத்தறேன்."

பின்னாலேயே இன்னொரு வாளியோடு அவள் கணவர். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவரை நேரில் பார்த்தேன். கண் எரிச்சலோ, அந்தப் பெண் பொறுமையாக ஊற்றிய விதமோ, என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"உங்க தண்ணியத்தாம்மா நிறுத்தப் போனேன். வால்வு மாத்தி மூடிட்டேன்."

அவள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் எனக்கும் அடக்க முடியவில்லை. அவர் மட்டும் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நானும் உள்ளதான் ஒளிஞ்சிகினு இருந்தேங்க்கா. ஆடியில கல்யாணமே இல்ல. ஆவணியில செஞ்ச வேலைக்கு வந்தவாசி பார்ட்டி இன்னும் இழுத்துகினு இருக்காங்க. இப்ப புரட்டாசி. உங்க மூஞ்சிய பார்த்து என்னன்னு சொல்றது?"

"இதையே சொல்லியிருக்கலாமே?"

"வீட்ட காலி பண்ணச் சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

எனக்கு ஒன்றாம் தேதி தவறாமல் சம்பளம் வந்துவிடுகிறது. எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்ற நினைப்பிலேயே இருந்திருக்கிறேன். ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி மூவரும் நடுவில் வைத்துக்கொண்டோம். முகூர்த்த நாட்களை அவர் விரல் வைத்துக் காட்ட, நான் வட்டம் போட்டேன். வேலை செய்த ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் மறுநாள் ஒரு தொகை. கல்யாணம் இல்லாத மாதத்தில் பாதி வாடகை. மீதியும் பழைய பாக்கியும் தை முடிவதற்குள் என்று பேசி முடித்தோம். ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பணம் தாமதமானால் ஒளியக் கூடாது, வந்து சொல்ல வேண்டும் என்பதையும் கடைசி வரியாகச் சேர்த்தேன். தவணைக்கென்று கொஞ்சம் முன்கூட்டியே எடுத்து வைக்க நானும் கற்றுக்கொண்டேன்.

ஐப்பசியில் முதல் முகூர்த்தத்துக்கு மறுநாள் அவரே கதவைத் தட்டிப் பணம் கொடுத்தார். சொன்னபடி தை மாதத்தில் பாக்கி தீர்ந்தது. அடுத்த வைகாசியில் கையில் நாலு காசு சேர்ந்ததும், கேட்காமலே ஆடிக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

போன வாரம் வாடகையை ஐந்நூறு ரூபாய் ஏற்றப் போவதாகச் சொன்னேன். முந்நூறு என்று அவர் பேரத்தை ஆரம்பித்து, காபி குடித்து முடிப்பதற்குள் முந்நூற்றைம்பதுக்கு ஒப்புக்கொண்டார். அவர் மனைவிக்குத்தான் மனசு ஆறவில்லை. தன்னைப் பேச விட்டிருந்தால் முந்நூறிலேயே முடித்திருப்பாளாம்.