அப்பாவின் மஞ்சள் படகு எங்கே ஒழுகியது

முகப்பவுடர் வாசனையும் அடையாற்று நாற்றமும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியும். இன்றைக்கும் பேருந்து அடையாறு பாலத்தில் ஏறும்போது பக்கத்து இருக்கைப் பெண்மணி பவுடர் பூசியிருந்துவிட்டால் போதும், என் கால் தானாக மேலே தூக்கிக்கொள்கிறது, கீழே தண்ணீர் ஏறுகிறாற்போல.

தொண்ணூறுகளின் தொடக்கம், நான் ஆறாம் வகுப்பு. கிண்டித் தொழிற்பேட்டையில் வரைபடம் போடும் வேலையிலிருந்த அப்பா, ஊரைவிட்டுப் போன ஒரு முதலாளியிடமிருந்து ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, மஞ்சள் பெயின்ட் அடித்து, அடையாறில் நாங்கள் குடியிருந்த வீட்டின் காம்பவுண்டுக்குள் இரண்டு கட்டைகளின்மேல் நிறுத்திவைத்தார். மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்காரலாம், அவ்வளவுதான். அம்மாவின் தம்பியைப் பெசன்ட் நகர்க் கடல் கொண்டுபோயிருந்தது. அப்படிப்பட்டவள் வீட்டு வாசலில் படகைக் கொண்டுவந்து நிறுத்த ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! அம்மா கத்தவில்லை. "அந்தச் சனியனப் பத்தி இனிமே என் வாயால ஒரு வார்த்தை வராது" என்றாள். சொன்னபடியே, படகு இருக்கும் பக்கம் திரும்பிப் பேசுவதைக்கூட விட்டுவிட்டாள்.

ஞாயிறு தோறும், சுமை ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டிய ஏழுமலையைக் கூப்பிட்டு, அதில் படகை ஏற்றி ஆற்று முகத்துவாரத்துக்குக் கொண்டுபோவார் அப்பா. போன சற்று நேரத்துக்கெல்லாம் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை. பாய்மரம் ஊன்றிய குழியைச் சந்தேகப்பட்டு அடைத்தார், பின்பக்கத்துத் தக்கையை மாற்றினார், மூட்டு மூட்டாகப் பிசின் பூசினார். உள்ளே தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் வெளியே சொட்டுமிடம் தெரிந்துவிடும் என்று ஒருநாள் இரண்டு குடம் ஊற்றப்போய், லாரித் தண்ணீருக்காகத் தெருவில் நின்றிருந்த பெண்கள் அத்தனை பேரும் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நாங்க குடிக்கத் தண்ணி இல்லாம நிக்கிறோம், சாருக்குப் படகு குளிக்கணுமா?" என்று ஒரு மாமி கேட்டேவிட்டார். அந்த இரண்டு குடமும் பின்பக்கமாகப் போய்த் தேங்கி நின்றதே தவிர ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

கடைசியில்தான் பவுடர். ஈரமில்லாமல் துடைத்த படகின் தரை முழுக்க அம்மாவின் முகப்பவுடரைத் தூவிவிட்டு ஆற்றில் இறக்கினால், தண்ணீர் புறப்படும் இடத்திலிருந்து வெள்ளையில் ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் ஓட்டை. பாயையும் சுக்கானையும் பார்த்துக்கொள்ள அவருக்கு இரண்டு கை பத்தாது, குனிந்து கோடு பார்க்க ஓர் ஆள் வேண்டும். "இவளைக் கே.கே. நகர் அத்தை வீட்டுல விட்டுட்டு அப்படியே நான் படகுக்குப் போறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்கு நீச்சல் தெரியாது.

முகத்துவாரத்தின் நடுவில் பாய் காற்றைப் பிடித்த நேரத்தில் அந்தக் கோடு வந்தது. முன்பக்கத்துப் பலகையின் அடியிலிருந்து மெல்ல வளைந்து என் கட்டைவிரலைத் தொட்டது. "கண்டுபிடிச்சிட்டேம்ப்பா!" என்று கத்திக்கொண்டே பலகைக்கடியில் கையை விட்டேன். மரத்தைத் தொட்ட விரல், ஐயோ, மரத்துக்குள்ளேயே போயிற்று. வழவழவென்று ஒரு கட்டி கையோடு வந்துவிட்டது. அடுத்த நொடி குழாயைத் திறந்துவிட்டாற்போலத் தண்ணீர் பீய்ச்சி என் முகத்தில் அடித்தது.

கையில் இருந்தது சோப்பு. மஞ்சள் பார் சோப்பு. எங்கள் வீட்டில் துணி துவைக்கும் அதே சோப்பு.

மண்ணெண்ணெய் ஸ்டவ் கசிந்தால் அம்மா இந்தச் சோப்பைத்தான் பிசைந்து கட்டைவிரலால் அழுத்தி அடைப்பாள்; மண்ணெண்ணெயில் சோப்பு கரையாது, வருஷக்கணக்கில் நிற்கும். தண்ணீரில் நிற்குமா? அப்பா அந்தக் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடையாற்றில் நுரைக்கா பஞ்சம் என்று, படகுக்குள் நுரை கண்டபோதெல்லாம் ஆற்றைத் திட்டிய மனுஷர் அவர். தண்ணீர் என் முழங்காலுக்கு வந்தபிறகுதான் சுயநினைவு வந்து, சட்டையைக் கழற்றி ஓட்டையில் திணித்து, என்னை அதன்மேல் உட்காரவைத்து, மணல்மேட்டை நோக்கித் திருப்பினார். இடுப்பளவுத் தண்ணீரில் ஓடிவந்து படகை இழுத்த ஏழுமலை, "இன்னா சார், ஆறு மொத்தமும் உள்ளதான் கீது! பாப்பாவ இட்டுக்கினு வர்ற எடமா இது?" என்று வைதார்.

வீட்டுக்கு வந்ததும் சோப்புக் கட்டியை அம்மாவின் முன்னால் வைத்தார். "என்னைக் கொல்லப் பாத்தியா?" என்றார்.

அம்மா அந்தச் சோப்பைப் பார்க்கவேயில்லை. சொட்டச் சொட்ட நின்ற என் பாவாடையைப் பார்த்தாள். நான் பிறந்ததிலிருந்து அப்பாவை "நீங்க, வாங்க" என்று மட்டுமே பேசிக் கேட்டிருந்த வாய், "எம் பொண்ண எங்கடா கூட்டிட்டுப் போன?" என்றது. படகு மூழ்கியிருந்தால்கூட நான் அப்படி அதிர்ந்திருக்க மாட்டேன்.

அப்புறம் அழுதுகொண்டே சொன்னாள். மழைநாளில் படகு நிறைந்து நின்றபோது, வாசல் பெருக்கப் போனவள் முன்பக்கம் அடியில் சொட்டுவதைப் பார்த்திருக்கிறாள். வாயைத் திறந்து சொல்ல வைராக்கியம் விடவில்லை. "நீங்க போறத நிறுத்தப் போறதில்ல. முழுகாமயாவது வந்து சேரட்டும்னுதான் அடைச்சேன்." சனிக்கிழமைகளில் அப்பா வேலைக்குப் போனபின் வந்து பார்த்து, கரைந்த இடத்தில் புதிதாக வைத்து அழுத்தியிருக்கிறாள். அதனாலேயே கரையில் இருக்கும்வரை ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை. அதனாலேயே நடு ஆற்றுக்குப் போனபின் அது திறந்துகொண்டது. அடைப்பின் ஈரத்தில் சுற்றியிருந்த பலகையும் உளுத்துப்போயிற்று. காப்பாற்றுகிறேன் என்று அவள் செய்ததுதான் எங்களைக் கொல்லப் பார்த்தது.

அப்பா அடுத்த வாரமே படகைக் கோடம்பாக்கத்தில் ஒரு சினிமா ஸ்டூடியோவுக்கு விற்றுவிட்டார், செட்டில் நிறுத்த. அங்கே அது மிதக்கவேண்டிய அவசியமில்லை. அதற்கப்புறம் அவர் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை, பெசன்ட் நகருக்குப் போனாலும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுண்டல் தின்றுவிட்டு வந்துவிடுவார்.

அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. மீன்பாடி வண்டியைப் பார்த்தே வெகுகாலமாயிற்று. அப்பாவும் போய்விட்டார். சென்ற மாதம் ஏதோ பேச்சில், "உனக்காகத்தானேம்மா அப்பா படகை வித்தாரு" என்றேன்.

அம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் எப்ப விக்கச் சொன்னேன்? இடம் தெரிஞ்சுபோச்சே, ஒரு பலகை மாத்தியிருந்தா முடிஞ்சுது. கூப்பிட்டிருந்தா நானும் ஒரு தரம் ஏறிப் பாத்திருப்பேன்."

"இதை அவர்கிட்ட சொன்னியா?" என்று கேட்டேன்.

"அவர் கேக்கலையே" என்றாள்.