வேலை செய்தாள் என்று ஒரு வார்த்தை

அம்மாவை அந்தக் கார் இடித்தபோது நன்றாக வெளிச்சம் இருந்தது. பெருநகர் கிராமத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், நடவு முடித்துவிட்டு மற்ற பெண்களோடு ஓரமாகத்தான் வந்துகொண்டிருந்தாள். பின்னால் வந்தவர்கள் கத்தியது கேட்டுத் திரும்புவதற்குள் தூக்கி எறியப்பட்டாள். ஓட்டியவர் வெளியூர்க்காரர். வண்டியை நிறுத்தினார், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார், போலீஸிடம் தன் தப்புதான் என்று ஒப்புக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தொடை எலும்புக்குப் பிளேட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வலது முட்டி மடங்கவில்லை. குனிந்து நாற்று நட முடியாது, தரையில் உட்காரவும் முடியாது. அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டதால் எல்லாவற்றுக்கும் நான்தான் அலைந்தேன். காஞ்சிபுரம் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம்.

"பணம் தரப்போறது இன்சூரன்ஸ் கம்பெனி. ஆனா அம்மா என்ன வேலை செஞ்சாங்க, என்ன சம்பாதிச்சாங்கன்னு நாமதான் காட்டணும்" என்றார் எங்கள் வக்கீல். "கூட வேலை செஞ்சவங்க சொன்னா ஒரே தெருக்காரங்கன்னு தள்ளிடுவாங்க. கூலி குடுத்தவர் வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்."

கூலி கொடுத்தவர் எங்கள் ஊரில் பெரிய கழனிக்காரர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா அவர் நிலத்தில்தான் வேலை செய்தாள். நடவுக்கு ஆள் சேர்ப்பதே அவள்தான். அவர் கழனி வேலை ஓயாததால் நூறு நாள் வேலைக்குக்கூட அவள் போனதில்லை. அதனால் வேலை அட்டை என்று எங்களிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை.

மோட்டார் கொட்டகையில் போய் அவரைப் பார்த்தேன்.

"எங்கம்மா உங்க கழனியில வேலை செஞ்சிக்கினு இருந்தாங்கன்னு சொன்னா போதுங்கய்யா. உங்களுக்கு ஒரு செலவும் இல்ல. இன்சூரன்ஸ்காரங்கதான் குடுக்கறாங்க."

"அது சரி. காலனிக்காரங்களுக்கோசரம் நான் கூண்டுல ஏறினா ஊர்ல என்னை இன்னா பேசுவாங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. இன்று மோட்டார் ஓடவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வேறு வழியில்லை என்று வக்கீல் சம்மன் அனுப்பி அவரை வரவழைத்தார். வெள்ளை வேட்டி சட்டையில் கோர்ட்டுக்குள் வந்தார். பெஞ்சில் இருந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தாள். நான் அவளை அழுத்தி உட்கார வைத்தேன்.

"இவங்க உங்க நிலத்துல வேலை செஞ்சாங்களா?" என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

"எப்பனா வருவாங்க. மத்தபடி வூட்லதான் இருப்பாங்க."

"கூலி எவ்வளவு குடுத்தீங்க?"

"ஞாபகம் இல்ல."

கம்பெனி வக்கீல் தனக்குக் கேள்வியே இல்லை என்று சொல்லிவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் அம்மா அவரை நிறுத்தினாள். "இன்னாங்கய்யா இப்படி சொல்ட்டீங்க? எங்க வூட்டுக்காரரு செத்த வருசம்கூட உங்க நடவ நான் நிறுத்தலியே."

அவர் அவளைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கேஸ் முடியட்டும். நான் பாத்து எதனா குடுக்கறேன்."

கொடுத்தும் இருப்பார். தீபாவளிக்குப் புடவை கொடுக்கிற மாதிரி, நாங்கள் இரண்டு கையால் வாங்கிக்கொள்கிற மாதிரி. உண்மையைச் சொல்வதுதான் அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

நீதிபதி எங்களைக் கைவிடவில்லை. வீட்டு வேலைக்கும் மதிப்பு உண்டு என்று ஒரு வருமானம் வைத்து, ஊனத்துக்கும் வைத்தியத்துக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொன்னார். வக்கீலுக்குத் திருப்தி. ஆனால் தீர்ப்பில், அம்மா கூலி வேலை செய்தார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று இருந்தது. வீட்டில் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"நிரூபிக்கலன்னா இன்னா?"

"நீ வேலை செஞ்சன்னு சொல்ல ஆதாரம் இல்லையாம்."

"அப்ப அவ்ளோ நாத்தும் யாரு நட்டாங்களாம்?" என்றாள்.

அடுத்த பட்டத்துக்குக் கழனியில் தண்ணீர் கட்டிச் சேடை ஓட்டியதும், ஆள் சேர்த்து அனுப்பச் சொல்லி அவர் தன் வேலைக்காரரை அனுப்பினார். அம்மா கட்டிலில் இருந்தபடியே சொன்னாள்: "நான் வூட்ல கீற பொம்பளன்னு அவருதான சொன்னாரு. எனக்கு நடவப் பத்தி இன்னா தெரியும்னு போய் சொல்லு."

தெருவே சிரித்தது. அம்மாவுக்காக மற்ற பெண்களும் போகவில்லை. அவர் வந்து கெஞ்சுவார் என்று நானும் காத்திருந்தேன். அவர் வரவில்லை. நடவு மெஷினை வாடகைக்கு எடுத்துவந்தார். பெண்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் கழனிக்கு ஆளே தேவைப்படவில்லை.

அம்மாவோடு எப்போதும் ஜோடியாக நட்டவள் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். "உனக்கு நஷ்டஈடு வந்துடுச்சி. உன் ரோசத்தால எங்க பொழப்புல மண்ணு விழுந்துச்சே, அதுக்கு யாரு குடுப்பாங்க?" என்றாள். அம்மா தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். அவள் வாங்காமல் போய்விட்டாள்.

இப்போது அவர்களில் சிலர் ஒரகடம் பக்கம் கம்பெனிகளில் பெருக்கித் துடைக்கப் போகிறார்கள். வேன் எங்கள் தெரு முனையில்தான் நிற்கிறது. அம்மா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். அவர்கள் யாரும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை.